குரங்கு மண்டைக்குள்ள ஒருத்தன் உக்காந்து லீவர் இழுப்பான்... அந்த காமிக்ஸ் பேரு யாருக்காச்சும் தெரியுமாங்க?

ஆழியாத்துக்காரன்:

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நெம்ப வருசமா மண்டைய கொடையற ஒரு விசயம், இங்க காமிக்ஸ் தெரிஞ்ச ஆளுக எச்சா இருக்கறதால கேக்கறேன்.

சின்ன வயசுல, ஒரு 1980 வாக்குல இருக்கும், ஆனைமலையில எங்க அம்மச்சி ஊட்டுக்கு லீவுக்கு போறப்பல்லாம் என்ற மாமன் ரவைக்கு திண்ணையில உக்கார வெச்சு ஒரு காமிக்ஸ் படிச்சு காட்டுவாரு. கதை என்னன்னா ஒரு பிரம்மாண்டமான கொரில்லா, அஞ்சாறு மாடி ஒசரம், ஆனா அது நெசமான குரங்கு இல்ல, மெசின். மேல மசுரு ஒட்டியிருக்கும். மண்டைக்குள்ள ஒரு குட்டையன் உக்காந்துக்கிட்டு லீவர புடிச்சு இழுத்து இழுத்து ஓட்டுவான். குரங்கோட கண்ணுதான் அவனுக்கு ஜன்னல். அந்த குட்டையன் பேரு கொக்கரான்னோ கோக்கரன்னோ வரும். அந்த குரங்கு வால்பாறையில இருந்து கெளம்பி நாப்பது கொண்டை ஊசி வளைவையும் எட்டே எட்டு வெப்புல தாண்டி ஆழியாறு டேம்ல வந்து நின்னுக்கிட்டு குனிஞ்சு தண்ணி குடிக்கும். கீழ இருந்து ஒருத்தன் "அடேய் குட்டையா, எறங்குடா கீழ"ன்னு கத்துவான். படமே கண்ணு முன்னாடி நிக்குதுங்க, சத்தியமா.

பெருசானதுக்கு அப்பறம் தேடோ தேடுன்னு தேடுனேன். முத்து காமிக்ஸ் லிஸ்ட்டு பாத்தாச்சு, லயன் லிஸ்ட்டு பாத்தாச்சு (லயனே 1984-ல தான் வந்துச்சு, அப்ப கணக்கு ஒதைக்குது), ராணி காமிக்ஸ் பாத்தாச்சு, அதுவும் 1984 தான். இந்திரஜால்ல வேற ஒண்ணும் ஒத்து வரல. ஆழியாறு டேம் வர்ற காமிக்ஸ் எதுலயுமே இல்ல. பொண்டாட்டி வேற "கனவு கண்டிருப்பீங்க"ன்னு முடிச்சுட்டா.

இப்ப எதுக்கு கேக்கறேன்னா, போன வாரம் அம்மச்சி ஊட்டுக்கு வெள்ளையடிக்கறதுக்காக அட்டாலில இருந்த சாமானெல்லாம் எறக்குனோம். அப்பச்சி வால்பாறை எஸ்டேட் பேக்டரில டீமேக்கரா இருந்து ரிட்டையர் ஆகி கீழ வந்தவரு, அவரு கொண்டாந்த ரெண்டு சணல் சாக்கு அப்புடியே கெடந்துச்சு. ஒண்ணுல கணக்கு நோட்டு, பித்தளை கரண்டி, ஒடைஞ்ச தெர்மாஸ் பிளாஸ்க்கு. அந்த பிளாஸ்க்கை சுத்தியிருந்த பேப்பர பிரிச்சா, குரங்கு! அதே குரங்கு! ஒரே ஒரு தாள். மேல் மூலை கிழிஞ்சு போச்சு, அதனால தலைப்பு இல்ல. கருப்பு வெள்ளை. மசுரு மசுரா ஒரு கை பாலத்த புடிச்சு முறுக்குது, அடுத்த கட்டத்துல மண்டைக்குள்ள அந்த குட்டையன், நெத்தி புடைச்சுக்கிட்டு, ரெண்டு கையிலயும் லீவரு.

ஆனா கூத்து என்னன்னா எழுத்து பூரா இங்கிலீசு. நான் கேட்டது தமிழ்ல. இன்னொரு விசயம், தாளோட பொறகால பக்கத்துல வேற கதை ஓடுது, அதுல ஆளே தெரியல, ஒரு இரும்பு கை மட்டும் அந்தரத்துல தொங்கிக்கிட்டு கதவ தெறக்குது. அது யாருன்னு நான் சொல்லவா வேணும், நம்ம இரும்புக்கை மாயாவி. அப்ப இது முத்து காமிக்ஸா இல்லியா? ஒண்ணும் புரியலீங்க. தெரிஞ்சவிங்க சொல்லுங்.

---

மஞ்சக்காட்டு மைனர்:

கிங்காங் தாங்க இது. 1933 படம், அதுக்கு அப்பறம் காமிக்ஸா வந்துச்சு. தியேட்டர்ல ஓடி இருக்கும், மாமா அத பாத்துட்டு சொல்லிருப்பாரு. முடிஞ்சுது.

---

ஆழியாத்துக்காரன்:

இல்லீங்ணா, கிங்காங்குக்குள்ள ஆளு ஏது? அந்த படத்துல முயல் தோல் போத்துன ஒன்றரை அடி பொம்மைய கொஞ்சம் கொஞ்சமா அசைச்சு அசைச்சு போட்டோ புடிச்சாங்கன்னு படிச்சிருக்கேன், வில்லிஸ் ஓ'பிரையன்னு ஒரு கில்லாடி. என்ற தாள்ல இருக்கறது மெசின்.

அப்பறம் கிங்காங்னு சொன்னதும் ஞாபகம் வருது, எங்க அப்பாருகிட்ட கிங்காங்னு சொன்னா குரங்குன்னே நெனைக்க மாட்டாரு. தாராசிங் கூட குஸ்தி போட்ட தடியன்தான் அவருக்கு கிங்காங். ஹங்கேரில பொறந்து சிங்கப்பூர்ல குடியிருந்த ஆளு அது. "அவன் ஒரு வேளைக்கு எத்தன முட்டை திம்பான் தெரியுமா"ன்னு ஆரம்பிச்சார்னா நிறுத்தவே மாட்டாரு.

---

அரைவிலைக் கடை:

மைனர் தம்பி அவசரப்பட்டுட்டாரு, ஆனா பெரிய குரங்கு காமிக்ஸ்னா கிங்காங் ஒண்ணு மட்டும் இல்ல. நான் அமெரிக்கன் காமிக்ஸ் பொறுக்கற ஆளு, அதனால அந்த பக்கத்துல இருந்து சொல்றேன். 1950-60கள்ல அங்க கொரில்லாவுக்கு ஒரு கிராக்கி இருந்துச்சு பாருங்க, நம்ம ஊருல சாமி படத்துக்கு இருந்த மாதிரி. 1951-ல டிசி கம்பெனி 'ஸ்ட்ரேஞ்ச் அட்வென்சர்ஸ்' எட்டாவது இதழ் அட்டையில, கூண்டுக்குள்ள மனுச மூளையோட ஒரு கொரில்லான்னு போட்டாங்க. அது மத்த இதழ விட எச்சா வித்துப்போச்சு. அவ்வளவுதான், அதுக்கப்பறம் டிசியில எந்த எடிட்டர பாத்தாலும் அட்டையில கொரில்லா வேணும்னு நின்னு, கடைசில மாசத்துக்கு ஒண்ணுக்கு மேல கொரில்லா அட்டை போடக்கூடாதுன்னு கம்பெனியே கட்டுப்பாடு போட்டதா சொல்லுவாங்க. 1959 ஒரே வருசத்துல எடுத்துக்கங்க, சூப்பர்மேன்ல டைட்டானோன்னு கண்ணுல இருந்து கிரிப்டோனைட் (சூப்பர்மேன் பலத்த எறக்கற கல்லு) கதிர் விடற குரங்கு, பிளாஷ்ல குரோட்னு மூளைக்கார கொரில்லா, ஆக்சன் காமிக்ஸ்ல காங்கோரில்லா. இந்த காங்கோரில்லா கதை தமாசு, காங்கோ பில்னு 1940-ல இருந்தே ஓடிக்கிட்டிருந்த ஒரு வேட்டைக்காரன், மவுசு கொறைஞ்சுதும் அவனுக்கு ஒரு மந்திர மோதிரத்த மாட்டி விட்டுட்டாங்க, அத தேச்சா அவன் உசுரு தங்க நிற கொரில்லாவுக்குள்ள போயிரும், கொரில்லாவோட உசுரு இவன் ஒடம்புக்குள்ள வந்து உக்காந்துக்கும். அப்ப கொரில்லா புத்தியோட இருக்கற மனுச ஒடம்ப எங்கயாச்சும் குகைக்குள்ள பூட்டி வெச்சுட்டு போகோணும். விக்கிரமாதித்தன் கூடு விட்டு கூடு பாயறதுல இல்லாத சிக்கலா இதுல இருக்குதுன்னு நான் படிச்சு சிரிச்சிருக்கேன்.

உங்க குரங்கு என்ற கணிப்புல 'கொங்கா'. சார்ல்ட்டன் கம்பெனி 1960-ல ஆரம்பிச்சு 1965 வரைக்கும் போட்டாங்க, நெறைய இதழுக்கு படம் போட்டது ஸ்டீவ் டிட்கோ, ஆமாங்க, ஸ்டான் லீகூட சேந்து ஸ்பைடர்மேன உருவாக்குன அதே டிட்கோ. ஒரு விஞ்ஞானி சிம்பன்சி குட்டிக்கு ஊசி போடுவான், அது வளந்து வளந்து கொரில்லா ஆயிரும். சிம்பன்சி வளந்தா பெரிய சிம்பன்சி தான ஆகோணும், கொரில்லா எப்புடி ஆச்சுன்னு கேக்கக்கூடாது, மாட்டுக்கு ஊசி போட்டா எருமை ஆகற கதை. இது 1961-ல இங்கிலாந்துல படமாவும் வந்துச்சு. கொங்கான்னு பேரு இருக்கறதால நம்ம கொங்கு நாட்டு குரங்குன்னு வெச்சுக்கலாம் போங்க :)

---

உக்கடம் ரெகுலர்:

அரைவிலை, பேரு பொருத்தம் ஜோரு, ஆனா குரங்கு தப்பு. கொங்கா ரத்தமும் சதையுமான குரங்கு, கலர்ல வந்தது. இவர்கிட்ட இருக்கறது மெசின், கருப்பு வெள்ளை, பொறகால இரும்புக்கை. நான் இந்த கேள்விய படிச்சு பாதில இருக்கும்போதே எந்திரிச்சு பீரோகிட்ட போயிட்டேன்.

ஆழியாத்துக்காரரே, உங்க குரங்கு பேரு மைட்டெக். 'மைட்டெக் தி மைட்டி'. வேலியன்ட்னு லண்டன்ல இருந்து வந்த வாரப் பத்திரிகை, 1962 அக்டோபர்ல ஆரம்பிச்சது. அதுல முத இதழ்ல இருந்தே ஓடுன தொடர்தான் 'தி ஸ்டீல் க்ளா', எழுதுனது கென் பல்மர், படம் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயிஸ் கிரான்டெல்னு லேப் உதவியாளன், விபத்துல கை போயி இரும்புக்கை வெச்சிருப்பான், கரன்ட்டு பாஞ்சா கை தவிர மத்த ஒடம்பு மறைஞ்சிரும். அத 1972 ஜனவரில சிவகாசில இருந்து முத்து காமிக்ஸ் முத புக்கா 'இரும்புக்கை மாயாவி'ன்னு போட்டதும் நம்ம ஊரு பசங்க பூரா பைத்தியமானதும் உங்களுக்கே தெரியும். அதனால தான் பொறகால பக்கத்த பாத்ததும் முத்து காமிக்ஸ்னு கொழம்பிட்டீங்க. மூலப் பத்திரிகையில ஒவ்வொரு தொடரும் வாரம் ரெண்டு மூணு பக்கம்தான் வரும், ஒரே தாள்ல முன்னாடி ஒரு கதை பின்னாடி ஒரு கதைன்னு இருக்கறது சகஜம்.

மைட்டெக் 1964 செப்டம்பர்ல வேலியன்ட்ல ஆரம்பிச்சது. எழுதுனது டாம் டல்லி, படம் எரிக் பிராட்பரி. பிராட்பரியோட கருப்பு மையிருக்கே, அய்யோ, குரங்கு மேல ஒவ்வொரு மசுரும் தனித்தனியா நிக்கும், நிழல்ல பாதி மூஞ்சி மறைஞ்சு கண்ணு மட்டும் வெளிச்சமா தெரியும். கலர்ல போட்டிருந்தா அந்த பயம் வந்திருக்காதுங்கறது என்ற அபிப்ராயம். ஆப்பிரிக்காவுல அகாரின்னு ஒரு கற்பனை இனம், அவங்க கும்பிடற சாமி ஒரு ராட்சசக் குரங்கு. சண்டைய நிறுத்தறதுக்காக புரொபசர் ஆர்னால்டு பாய்ஸ்னு ஒருத்தரு அந்த சாமி மாதிரியே ஒரு எந்திரக் குரங்கு செஞ்சு அனுப்பறாரு. அவருக்கு உதவியாளா இருந்த குள்ளன் அத கைப்பத்திக்கிட்டு ஊரு ஊரா நாசம் பண்ண கெளம்பீருவான். அந்த குள்ளன் பேரு என்ன தெரியுங்களா? கோக்ரா.

கொக்கரான்னு எழுதுனீங்க பாருங்க, அந்த எடத்துலதான் எனக்கு புல்லரிச்சு போச்சு. நாப்பத்தி சொச்சம் வருசமா அந்த பேரு உங்க காதுலயே கெடந்திருக்குது.

இதே மாதிரி இன்னொண்ணும் சொல்லீர்றேன், எந்திரமும் காடும் சேந்த கதை அந்த ஊருல அதுக்கு முன்னாடியே உண்டு. லயன் காமிக்ஸ்ல நாம படிச்ச ரோபோ ஆர்ச்சி இருக்கான்ல, அவன் 1952-ல இங்கிலாந்து லயன் பத்திரிகையில மொத மொதல்ல வந்தப்ப தொடரோட தலைப்பே 'தி ஜங்கிள் ரோபோ' தான். காட்டுக்குள்ள புலிய காமிச்சா பத்தாது, எந்திரத்தையும் கொண்டாந்து விடு, குரங்க காமிச்சா பத்தாது, எந்திரக் குரங்கா விடு. வாரா வாரம் பசங்க காச கறக்கறதுன்னா சும்மாவா.

ஆனா ஆழியாறு டேம் எனக்கு புரியல. நானறிஞ்சு மைட்டெக் வால்பாறை பக்கம் வரவே இல்ல :)

---

ஹிட்டாச்சி ஓட்டறவன்:

ணா நான் காமிக்ஸ் படிக்கறவன் இல்ல, பிரண்டு லிங்க் அனுப்புனான். பதினோரு வருசமா ஹிட்டாச்சி ஓட்டறேன், இப்ப தாராபுரம் பக்கம் கெணறு தூர் வாரிட்டு இருக்கேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன், கேபின கொண்டு போயி மண்டைல வெச்சவன் ஒரு நாளு கூட மெசின் ஓட்டுனவனா இருக்க மாட்டான். எங்க வண்டில கேபின் கீழ இருக்குது, செயின்ல நகருது, அப்புடியும் பொழுதோட எறங்குனா முதுகு இத்துப்போகுது. குரங்கு நடக்கறப்ப மண்டை மேல கீழ முன்ன பின்ன ஆடும்ல, நாலு வெப்பு வெக்கறதுக்குள்ள அந்த குள்ளனுக்கு காலைல தின்னது வெளிய வந்திருக்கும். அப்பறம் ரெண்டே லீவரு எப்புடி பத்தும்? எங்களுக்கு ரெண்டு கைக்கு ரெண்டு லீவரு, காலுக்கு ரெண்டு பெடலு, அதுக்கே ஒத்தை கைதான் செய்யுது வண்டி, பூம், ஆர்ம், பக்கெட்டுன்னு. குரங்குக்கு ரெண்டு கை ரெண்டு காலு பத்து வெரலு. ஓஸ் எல்லாம் எங்க போகும், ஆயில் 300 பாருக்கு மேல பிரசர்ல ஓடும்ணா, ஒரு ஓஸ் வெடிச்சா மசுரெல்லாம் எண்ணெய் நனைஞ்சு பத்திக்கும்.

படம் போட்டீங்கன்னா பாக்கறேன், குள்ளன் எப்புடி புடிச்சிருக்கான்னு.

---

எட்டாங்கிளாஸ் சயின்ஸ்:

ஹிட்டாச்சி தம்பி சொன்னதுக்கு ஒரு கைத்தட்டு. நான் எங்க பசங்களுக்கு இந்த ராட்சசக் குரங்க வெச்சேதான் ஒரு பாடம் எடுப்பேன், கேளுங்க.

எழுந்து நின்னா 1.7 மீட்டர் ஒசரம், 170 கிலோ எடை இருக்கற ஒரு ஆண் கொரில்லாவ எடுத்துக்கங்க. எல்லா பக்கமும் பத்து மடங்கு பெருசாக்குங்க. ஒசரம் 17 மீட்டர், அஞ்சு மாடி. எடை எவ்வளவு? பசங்க டக்குனு 1,700 கிலோம்பாங்க. இல்ல. நீளம் பத்து, அகலம் பத்து, கனம் பத்து, ஆக ஆயிரம் மடங்கு. 170 டன். டாப்சிலிப் பக்கத்துல கோழிகமுத்தி ஆனை முகாம்ல நிக்கற கும்கில ஒரு பெரிய ஆம்பள ஆனை நாலு டன்னுன்னு வெச்சாலும், நாப்பது ஆனைய ஒரே ஆளு மேல ஏத்துன மாதிரி. ஆனா அந்த எடைய தாங்கற கால் எலும்போட குறுக்கு வெட்டு நூறு மடங்குதான் பெருகும். அப்ப எலும்புல ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்ன விட பத்து மடங்கு பாரத்த தாங்கோணும். மொத வெப்புலயே தொடை எலும்பு மளார்னு போயிரும். இத கலிலியோ 1638-லயே எழுதி வெச்சுட்டாரு. ஆனைக்கு காலு ஏன் தூண் மாதிரி இருக்குது, மானுக்கு ஏன் குச்சி மாதிரி இருக்குதுன்னு பசங்கள கேட்டா அதுக்கப்பறம் அவிங்களே சொல்லீருவாங்க.

அதனால குரங்க மெசினா மாத்துன கதாசிரியர் பாதி புத்திசாலி. இரும்பு எலும்ப விட பலம்தான், ஆனா கனமும் கூட, கணக்கு அதே கணக்குதான் தொரத்திக்கிட்டு வரும்.

நெசமாவே பெரிய குரங்கு இருந்துச்சான்னு கேப்பீங்க. இருந்துச்சு. ஜைகான்டோபித்திகஸ். 1935-ல ஒரு ஆராய்ச்சியாளர் ஹாங்காங் நாட்டு மருந்துக் கடையில 'டிராகன் பல்லு'ன்னு வித்துக்கிட்டிருந்தத வாங்கி பாத்து, இது டிராகனும் இல்ல ஒண்ணும் இல்ல, பெரிய வாலில்லாக் குரங்கோட கடவாப்பல்லுன்னு கண்டுபுடிச்சாரு. நம்ம கடையில கடுக்காய் பக்கத்து டப்பாவுல கெடந்த மாதிரி வெச்சுக்கங்க. இன்னைக்கு வரைக்கும் கெடைச்சது பல்லும் தாடை எலும்பும்தான், அத வெச்சு ஒசரம் மூணு மீட்டர் வரைக்கும், எடை 200-ல இருந்து 300 கிலோன்னு கணக்கு போடறாங்க. தெற்கு சீனாவுல இருந்தது, ரெண்டு லட்சம் வருசத்துக்கு முன்னாடியே அத்துப்போச்சு. காடு மாறுச்சு, பழம் கொறைஞ்சுது, அதுக்கு மாறிக்க தெரியல, அவ்வளவுதான்.

நம்ம ஆனமலைக்காட்டுல கொரில்லாவும் கெடையாது சிம்பன்சியும் கெடையாது, இந்தியாவுலயே வாலில்லாக் குரங்குன்னா வடகிழக்குல இருக்கற கிப்பன் மட்டும்தான். நம்மகிட்ட இருக்கறது சோலைமந்தியும் கருமந்தியும். வால்பாறை புதுத்தோட்டத்துல சோலைமந்தி ரோட்டோரத்துல உக்காந்து நம்மள பாக்கும் பாருங்க ஒரு பார்வை, அதுக்கு முன்னாடி மைட்டெக் எல்லாம் சும்மா.

---

தேக்குமரம்:

எல்லாரும் குரங்கையே பேசறீங்க, நான் கொஞ்சம் காட்டுக்குள்ள இருக்கற மனுசங்கள பத்தி சொல்லிக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

எங்கப்பாவுக்கு ஆனமலைக் காட்டுக்குள்ள டாப்சிலிப்ல வேலை, நான் அங்கதான் வளந்தேன். என்ற கூட்டாளி ஒருத்தி மலசர் பழங்குடி, அவ அப்பா ஆனை முகாம்ல மாவுத்தன். நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் மாயாவி புக்கெல்லாம் படிப்போம், டார்ஜான் படிப்போம். ஒரு நாளு அவ கேட்டா, "ஏன்டி, இந்த புக்குல காட்டுக்குள்ள இருக்கறவிங்க எல்லாம் வெளிய இருந்து வர்றவன பாத்து எப்பப்பாரு கும்புட்டுக்கிட்டே இருக்கறாங்க? அவனுக்கு காட்டுல வழி கூட தெரியாதே?" எனக்கு பதில் தெரியல. அவ அப்பா பத்தடி ஒசர ஆனைய காது பொறகால காலு வெரல்ல தொட்டே ஓட்டறவரு. எங்களுக்கு கண் முன்னாடி இருந்த காட்டு வீரம் அது. புக்குல பாத்தா வாய பொளந்துக்கிட்டு நிக்கற கூட்டம்.

மைட்டெக் கதையும் அதேதான பண்ணுது? ஒரு ஜனங்களோட சாமிய எந்திரமா செஞ்சு அவங்கள ஏமாத்தலாம், ஏமாந்துருவாங்கன்னு ஒரு புரொபசர் நெனைக்கறாரு. அந்த எண்ணம்தான் கதைக்கு அஸ்திவாரமே. டார்ஜான் 1912-ல ஒரு பத்திரிகை கதையா வந்தது, 1929-ல தினசரி சித்திரத் தொடரா ஆச்சு, எழுதுன பர்ரோஸ் ஆப்பிரிக்காவுக்கு போனதே இல்ல. அவரு கதைல டார்ஜான வளக்கற குரங்குக கொரில்லா கூட இல்ல, 'மங்கானி'ன்னு அவரா கட்டுன ஒரு இனம், கொரில்லாவுக்கு அந்த பாசைல தனியா 'போல்கானி'ன்னு பேரு. குரங்குகளுக்கு தனி பாசை, தனி பேரு, தனி ராஜா எல்லாம் யோசிச்சு செஞ்சவரு, அங்க இருந்த மனுசங்கள அந்த அளவுக்கு யோசிக்கல.

படிக்காதீங்கன்னு சொல்லல. நானே இப்பவும் படிக்கறேன். பிராட்பரி படத்த பாத்தா நானும் வாய பொளந்துக்கிட்டுதான் நிப்பேன்.

---

உக்கடம் ரெகுலர்:

தேக்குமரம், நீங்க சொல்றது சரிதானுங்க, நான் கதைச்சுருக்கம் எழுதறப்பவே அந்த எடம் உறுத்துச்சு, வேகத்துல தாண்டிட்டேன். சின்ன வயசுல அந்த கூட்டத்துல ஒருத்தரா நம்மள நாம நெனைச்சதே இல்ல பாருங்க, எப்பவும் ஹீரோ பக்கம்தான் நின்னோம். அவங்க பார்வையில பாத்தா கருப்பா இருக்கற நாமளும் அந்த கூட்டம்தான்.

---

ஆழியாத்துக்காரன்:

ரெண்டு நாளா வேலை, இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன். உக்கடம் ணா, கால தொட்டு கும்படறனுங்க. மைட்டெக்! கோக்ரா! நேத்து காங்கயத்துல இருக்கற மாமனுக்கு போன் போட்டேன். வயசு எழுபது ஆச்சு, காது கொஞ்சம் மந்தம். "மாமா, கோக்ரா"ன்னேன். அந்த பக்கம் ஒரு நிமிசம் சத்தமே இல்ல. அப்பறம் சிரிச்சாரு பாருங்க, அத்தை ஓடி வந்து போன புடுங்கி "என்னாச்சு, என்னாச்சு"ன்னு கேக்கறாங்க.

நடந்தது இதுதானுங்க. எஸ்டேட் கிளப்புல தொரைமாரு ஊட்டு பசங்க படிச்சு முடிச்ச பழைய புக்கு கட்டு கட்டா கெடக்கும், அத பேக்டரிக்கு அனுப்பிருவாங்க, டீ சாம்பிள் பொட்டலம் கட்ட. அப்பச்சி அதுல படம் போட்ட தாளா பாத்து மாமனுக்கு எடுத்துட்டு வருவாரு. முழு புக்கு கெடைக்காது, ஒரு வாரத்துது இருக்கும், அடுத்த ஆறு வாரம் இருக்காது. மாமனுக்கு அப்ப ஒன்பதாம் கிளாஸ் இங்கிலீசு. "பாதி புரியாது மாப்ள, படத்த பாத்து நானா வுட்டதுதான்"ங்கறாரு. அத பத்திரமா வெச்சிருந்து பொறகு எங்களுக்கு படிச்சு காட்டுனப்ப, கையில தாள் இருந்துச்சு, வாயில கொங்கு தமிழ் இருந்துச்சு. நான் பாத்தது லண்டன் குரங்கு, கேட்டது ஆனமலை குரங்கு. எனக்குள்ள ரெண்டும் ஒட்டுக்கா சேந்து ஒரே புக்கா பதிஞ்சு போச்சு. இத்தன வருசமா முத்து லிஸ்ட்டுலயும் லயன் லிஸ்ட்டுலயும் நான் தேடுனது மாமனோட வாய.

ஆழியாறு டேம பத்தியும் கேட்டேன். அதுக்கு அவரு சொன்னது, அந்த வருசம் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால்ல நம்ம மண்டலத்துக்கு மொறைத் தண்ணி லேட்டாச்சாம், தென்னை எல்லாம் வாடுச்சாம். "எனக்கு இருந்த கோவத்துல குரங்க கூட்டியாந்து டேம்ல வுட்டுட்டேன். அது தண்ணி குடிக்கல மாப்ள, நீ தப்பா சொல்ற, ஷட்டர தெறந்து வுட்டுச்சு. குடிச்சா நமக்கு என்ன பிரயோசனம்?" குனிஞ்சதுன்னு எனக்கு ஞாபகம் இருந்துச்சு, எதுக்கு குனிஞ்சதுன்னு மறந்துட்டேன் போல.

அப்ப நான் சத்தியம் பண்ணுன அந்த படம், ஆழியாத்துல குரங்கு நிக்கற படம், அது எந்த தாள்லயும் கெடையாது. இப்பவும் கண்ண மூடுனா தெரியுதுங்க, அதுல டேம் சுவத்து மேல லைட்டு கம்பம் கூட வரிசையா இருக்குது.

ஹிட்டாச்சி தம்பி, நீ சொன்னதையும் மாமன்கிட்ட சொன்னேன். குள்ளனுக்கு வாந்தி வந்திருக்கும்னதும், "அதான் அவன் எப்பவும் மூஞ்சிய சுளிச்சுக்கிட்டே இருப்பான்"னு சொல்றாரு. தாள எடுத்து பாத்தேன், ஆமா, சுளிச்சுக்கிட்டுதான் இருக்கான்.

ஒரு சந்தேகம் மட்டும். தாள் மடிப்புல கிழியற மாதிரி இருக்குது, லேமினேசன் போட்டுரலாமுங்களா?

---

அரைவிலைக் கடை:

வேண்டவே வேண்டாம்! சூடு பட்டு ஒட்டிக்கிச்சுன்னா திருப்பி எடுக்கவே முடியாது. செலோ டேப்பும் ஒட்டாதீங்க, நாலஞ்சு வருசத்துல பசை பழுப்பேறி எழுத்தையே தின்னுரும். அது மட்டமான நியூஸ் பிரிண்ட்டு, மரக்கூழ்ல இருக்கற லிக்னினால அதுவா மஞ்சளாகி நொறுங்கற காயிதம், வெளிச்சம் பட்டா இன்னும் வெசையா போயிரும். மொதல்ல ரெண்டு பக்கத்தையும் நல்ல ரெசல்யூசன்ல ஸ்கேன் பண்ணுங்க. அப்பறம் அமிலம் இல்லாத அட்டை ஒண்ண பின்னாடி வெச்சு பாலியஸ்டர் கவர்ல போட்டு படுக்க வெச்சுருங்க, மடிக்காதீங்க. அட்டாலில திரும்ப போட்டுறாதீங்க சாமி, வெக்கையும் வெள்ளிப்பூச்சியும் அங்கதான். பீரோவுல துணிக்கு நடுவுல வெச்சாலும் நாப்தலின் உருண்டைய கிட்ட வெக்காதீங்க.

கொங்கான்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க. ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வந்தீங்கன்னா டீ வாங்கி தர்றேன், மாமனையும் கூட்டிட்டு வாங்க.

---

ஆழியாத்துக்காரன்:

சரிங்க, லேமினேசன் போடல. ஸ்கேன் பண்ணியாச்சு. மாமனுக்கு வாட்சப்புல குரங்கு பக்கத்த அனுப்புனேன், அஞ்சு நிமிசத்துல போன் வந்துச்சு. குரங்க பத்தி ஒரு வார்த்தை பேசல. "பொறகால பக்கத்த ஏன்டா அனுப்பல? இரும்புக்கை கதவ தெறந்துட்டு உள்ள போனானே, உள்ள யாரு இருந்தா? அதுக்கு அடுத்த தாள்ல உங்க அப்பச்சி டீத்தூள் கட்டிட்டாரு"ன்னு சத்தம் போடறாரு. உக்கடம் ணா, உங்க பீரோவுல அதுக்கு அடுத்த வாரம் இருக்குதுங்களா?

---

உக்கடம் ரெகுலர்:

கடைசி கட்டத்துல என்ன எழுதியிருக்குதுன்னு அப்புடியே டைப் பண்ணி போடுங்க. பீரோவ தெறந்துதான் வெச்சிருக்கேன்.